ஓதம் ஏறிய சுவரும் ஒரு புதுக் கட்டடமும்

தஞ்சாவூரில், பெரிய கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், ஓர் அறக்கட்டளையின் சிறிய அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நூறு வயது தாண்டிய முற்றம் வைத்த வீடு. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த செங்கல் சுவர், தேக்கு உத்திரத்தின் மேல் மெட்ராஸ் டெரஸ் என்கிற செங்கல்-சுண்ணாம்பு மொட்டைமாடித் தளம். கீழே கற்சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும்; மாடியில் தஞ்சாவூர் ஓவியங்களும் ஏட்டுச்சுவடிகளும். அந்த வீட்டைப் புதுப்பித்து, பின்பக்கம் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் ஒரு கட்டடமும் சேர்த்து முடித்திருக்கிறோம். இதே மாதிரி வேலையில் இறங்கப்போகிறவர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எல்லாம் ஓதத்தில், அதாவது சுவரில் ஏறும் ஈரத்தில், தொடங்கியது. எந்தக் காலத்திலோ யாரோ நல்ல எண்ணத்தில் இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்ததைத் தன் மேற்பரப்பு வழியாகவே காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் உள்ளுக்குள்ளேயே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் உப்பாகப் பொரிந்து கொட்டியது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் செப்புத் திருமேனிகளில் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். கவனிக்காவிட்டால் உலோகத்தையே தின்றுவிடும். ஒரு பீடத்தில் அந்தப் பொடியைக் காட்டிய பிறகுதான் நிர்வாகக் குழு அசைந்தது.

வந்து பார்த்த ஒப்பந்தக்காரர்களில் பாதிப் பேர் சொன்னது, இன்னும் கெட்டியாக ஒரு வாட்டர்ப்ரூஃப் பூச்சு. ஒருவர் டெரஸையே இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டுத் தருவதாகச் சொன்னார். மரபுக் கட்டடங்களில் வேலை செய்த ஒரு கட்டடக் கலைஞர்தான் எங்களை நிதானப்படுத்தினார். கழிவறை, லிஃப்ட், ஏ.சி., சேமிப்பு அறை என்று தண்ணீரும் பாரமும் மின்கம்பியும் வேண்டிய எல்லாவற்றையும் புதுக் கட்டடத்துக்குத் தள்ளிவிடுங்கள், பழைய வீட்டைச் சும்மா விடுங்கள் என்றார். பின்னால் வந்த பல சண்டைகளை இந்த ஒரு பேச்சை வைத்துத்தான் தீர்த்தோம்.

அனுமதி விஷயம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள, பெரிய கோயில் மாதிரியான சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டரில் புதுக் கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் தடையின்மைச் சான்று வாங்கிக் கட்டலாம். 2010 சட்டத் திருத்தத்திலிருந்து இதுதான் நிலை. எங்கள் மனை அந்த இரண்டாம் வட்டத்தில் வருகிறது. வரைபடத்தில் உயரம் காட்டும்போது படிக்கட்டு அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்துக் காட்டுங்கள். அதை விட்டுவிட்டால் கோப்பு திரும்பி வரும்.

கட்டட வேலையைவிடப் பெரிய வேலை பொருள்களை நகர்த்துவது. ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல், உதிர்வு எல்லாவற்றையும் எழுதி வைத்த பிறகுதான் தொட்டோம். கஞ்சி போகத் துவைத்த காடாத்துணி நிறைய வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் பலகையில் ஒட்டிய துணி. அதன்மேல் சுக்கான்பொடிப் (சுண்ணாம்புக்கல் பொடி) பசையில் புடைப்பு, கல், தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு). பழையதாகிவிட்டால் புடைப்பு லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். குமிழி பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றினால் ரேக்கு அதோடு வந்துவிடும். அதனால் முகம் மேலே பார்க்க, மட்டமாக, தட்டுக்கு ஒன்றாக வைத்து இரண்டு பேர் தூக்கினார்கள். பெரிய கற்சிற்பங்களை நகர்த்தவில்லை. இருந்த இடத்திலேயே துணி, அப்புறம் ஃபோம், அதற்குமேல் ப்ளைவுட் பெட்டி. ப்ளைவுட் சிற்பத்தைத் தொடாமல் தள்ளி நிற்க வேண்டும், தச்சரிடம் இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

டெரஸ் வேலையை ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். பிரித்தபோது, சுவருக்குள் செருகியிருந்த சில உத்திர முனைகள் விரலால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்கு உளுத்திருந்தன. முனையை மட்டும் வெட்டி, காரைக்குடிப் பழைய மரக்கடைகளில் வாங்கிய தேக்கை ஒட்டினோம். உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கலைச் சாய்கோட்டில் குத்துக்கல்லாக அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடித்தார்கள். பெரும்பாலும் பெண்கள்தான், வரிசையாக உட்கார்ந்து. அடித்த கட்டை துள்ளித் திரும்பும் வரை அடிக்க வேண்டும். மேஸ்திரி காலையில் வந்து கட்டையை வாங்கித் தட்டிப் பார்ப்பார், பிடிக்கவில்லை என்றால் முந்தைய நாள் அடித்த இடத்திலேயே மறுபடி உட்கார வைப்பார். கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, பதித்தோம். இந்த வேலைக்கு வழக்கமான ஷெட்யூல் ரேட்டை (அரசின் கட்டுமான விலைப்பட்டியலை) நீட்டினால் யாரும் வரமாட்டார்கள். ஆள் கூலிக்கணக்குத்தான்.

புதுக் கட்டடத்தை பழைய சுவரோடு ஒட்டவில்லை. அஸ்திவாரமும் தனி, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, கண்ணாடிக் கூரை போட்ட நடைவழியால் இணைத்தோம். பழைய அஸ்திவாரம் ஆழமில்லாதது என்பதால், பக்கத்தில் மண் எடுக்கும்போது ஒரு துண்டு தோண்டி, அதைக் கட்டி மூடிய பிறகே அடுத்த துண்டு.

சாய்தளத்தில்தான் பெரிய சண்டை. வீட்டின் முன்வாசல் இரண்டரை அடி உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு என்றால் முப்பது அடி நீளம் வேண்டும், தெருவில் அதற்கு இடமில்லை. திண்ணையை உடைக்கலாம் என்றார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு மட்டும் பின்வாசல் என்றும் ஒரு யோசனை வந்தது. இரண்டுக்கும் நான் ஒப்பவில்லை. புதுக் கட்டடத்தின் பக்கமே எல்லோருக்கும் வாசல் என்று ஆக்கினோம். செதுக்கிய தேக்குக் கதவு வழியாக யாரும் வருவதில்லையே என்று நன்கொடையாளர் ஒருவருக்கு இன்றுவரை கோபம். கதவு உள்ளிருந்து பார்க்கத் திறந்துதான் இருக்கிறது.

கட்டி முடித்ததும் பொங்கலுக்குத் திறப்பு விழா என்றார்கள். புதுப் பூச்சு ஈரத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். புதுப் பெயின்டும் ப்ளைவுட்டும் விடுகிற ஆவி உலோகத்துக்கு ஆகாது. காட்சிப் பேழைகள் எல்லாவற்றையும் ஒரு கோடை முழுக்கத் திறந்து போட வேண்டும் என்றேன். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் 2003-இல் மூடி 2013-இல்தான் முழுதாகத் திறந்தது என்று கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். "அவங்ககிட்ட காசு இருக்கு, தம்பி" என்றார் தலைவர். சரி, வெறும் பேழைகளோடு பொங்கலுக்கு விழா நடந்தது. பொருள்கள் ஆடிக்குப் பிறகு வந்தன. ஏடுகளுக்கும் ஓவியங்களுக்கும் 50 லக்ஸுக்கு (லக்ஸ் வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் விழாமல் மீட்டர் வைத்து விளக்குகளைத் திருப்பினோம். மங்கலாக இருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள், மங்கலாகத்தான் இருக்கும்.

டெரஸ் இதுவரை ஒரு சொட்டு விடவில்லை. ஒழுகியது நடைவழிக் கூரை, முதல் மழையிலேயே, இரண்டு கட்டடமும் சந்திக்கும் தகட்டில். அதைப் போட்டவர் போனை எடுக்கவில்லை. ஒரு கார்த்திகை தாண்டும் வரை பத்து சதவீதம் நிறுத்திவைப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம், அந்தப் பணத்தில் வேறு ஆளை வைத்துத் தகட்டை மாற்றினோம். மீதிக்கு அவர் இப்போது நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.