பதினாறாவது வாரம் வரை

7 அக்டோபர் 2024, டொராண்டோ

நாளை எலிகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று. ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களான ஸ்டெம் செல்களில் இரண்டு வகையை எடுத்து, எது நீண்ட காலம் ரத்தம் தரும் என்று பார்க்கத்தான். கொடுப்பவை சிடி45.1 வகை, பெறுபவை சிடி45.2. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மரபுதான். வெள்ளை அணுக்களின் மேலிருக்கும் சிடி45 என்ற அந்த ஒரு புரதம் மட்டும் லேசாக மாறுபடும். அதனால் பெறும் உடல் புது அணுக்களை ஏற்றுக்கொள்ளும், ஒரு சொட்டு ரத்தத்தில் எது யாருடைய அணு என்பதும் தெரிந்துவிடும்.

8 அக்டோபர்

கதிர்வீச்சு இரண்டு தவணையாக, மொத்தம் 11 கிரே (கதிர்வீச்சின் அலகு). எலியின் சொந்த மஜ்ஜை இதில் அழிந்துவிடும். இத்தோடு விட்டால் சுமார் இரண்டு வாரத்தில் இறந்துவிடும். பிரித்தெடுத்த இரு வகை ஸ்டெம் செல்களை, குழுவுக்கு ஒரு வகையாக, இரண்டு குழுவுக்குச் செலுத்தினோம். எலி பிழைக்க வேண்டுமே, அதனால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் சாதாரண மஜ்ஜையும் சேர்த்தே கொடுத்தோம்.

விளக்குச் சூட்டில் வாலின் ரத்தக்குழாய் விரிந்ததும் ஊசி போட வேண்டும். சரியாக இறங்கினால் குழாயின் நிறம் சட்டென்று வெளுக்கும். தவறினால் தோல் புடைக்கும், பிஸ்டன் விரலை எதிர்க்கும்.

18 அக்டோபர்

மோசமான நாட்கள் இவைதான். முதுகு கூனி, ரோமம் சிலிர்த்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. ஈரமான தீவனத்தைக் கூண்டுத் தரையிலேயே வைத்தேன். தினமும் எடை பார்க்கிறேன். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மேற்கொண்டு வதைக்கக் கூடாது, கருணைக்கொலைதான். அந்த விதியில் எனக்கு முழு உடன்பாடு.

இதே ஊரில்தான் எர்னஸ்ட் மெக்கல்லக், மாற்று செய்து பத்து நாளான எலிகளின் மண்ணீரலில் முடிச்சுகளைக் கண்டார். செலுத்திய மஜ்ஜை அணுக்கள் கூடக் கூட முடிச்சுகளும் கூடின. அவரும் இயற்பியலாளர் ஜேம்ஸ் டில்லும் அதை 1961இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே அணுவிலிருந்து கிளைத்தது என்று 1963இல் காட்டினார்கள். ஆனால் அந்த முடிச்சுகளில் பெரும்பாலானவை நீண்டகால ஸ்டெம் செல்லில் தோன்றியவை அல்ல என்பது பிற்பாடு தெரிந்தது. பத்து நாளில் அதைப் பிரித்தறிய வழியில்லை.

5 நவம்பர்

நான்காம் வார ரத்தம். முதல் குழுவில் கொடை அணுக்கள் ஏராளம், இரண்டாவதில் சொற்பம். கூட வேலை செய்பவருக்கு ஒரே சந்தோஷம். நான் அவசரப்படவில்லை. முதல் குழுவில் பெரும்பாலும் நியூட்ரோஃபில் மாதிரி அற்பாயுள் வெள்ளை அணுக்கள்தான். ஸ்டெம் செல்லிலிருந்து ஒரு படி இறங்கிய முன்னோடி அணுக்கள் சில வாரம் உழைத்து அப்புறம் ஓய்ந்துவிடும். நோயாளிக்கு வேண்டியது ஆயுள் முழுக்க ரத்தம் ஊறும் மஜ்ஜை.

28 ஜனவரி 2025

பதினாறாம் வாரம். அணுக்களை அடையாளம் பார்த்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியின் திரையில் முதல் குழுவின் கொடை நியூட்ரோஃபில்கள் அநேகமாகக் காணோம். நீண்ட ஆயுள் கொண்ட டி, பி என்ற வெள்ளை அணுக்கள் மட்டும் மிச்சம். இரண்டாவதில் டி, பி, நியூட்ரோஃபில் மூன்றுமே கொடை எலியின் அடையாளத்தோடு ஏறியிருக்கின்றன. அணுக்களை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தை அது காட்டியிருக்காது. இத்தனை எலிகளைக் கேட்டு வாங்கியதற்கு இதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் குழுவின் மஜ்ஜையை எடுத்துப் புது எலிகளுக்குச் செலுத்த வேண்டும். தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் அணுவா என்பது அங்கேதான் தெரியும். அதற்கும் பதினாறு வாரம். புது எலிகளுக்கு அனுமதி கேட்டு இன்று எழுதிவிட்டேன்.