நான் வென்ற விவாதம்

பழைய மாணவர் சங்க மலர்க் குழுத் தம்பிமார் என்னிடம் கேட்டது விடுதி வாழ்க்கை பற்றிய கட்டுரை. விடுதிப் பருப்பில் மிதந்த தண்ணீரைப் பற்றி இதே மலரில் குறைந்தது ஆறு பேர் எழுதிவிட்டார்கள். நான் வேறொரு கதை சொல்கிறேன். 1976இல் எங்கள் கல்லூரி மண்டபத்தில் நடந்த விவாதப் போட்டியில் எனக்கு முதற் பரிசு கிடைத்தது. பரிசாகத் தந்த பேனா ஒரு மாதத்தில் தொலைந்துபோனது. அன்று பேசிய பேச்சு மட்டும் இன்னும் என்னைத் துரத்துகிறது.

தலைப்பு: வறிய நாட்டுக்குப் பல்கலைக்கழகம் அவசியமா? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறந்து இரண்டு வருடம்கூட ஆகாத காலம். பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் 1974 ஒக்டோபரில் தொடங்கிய வளாகத்துக்குப் பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவர். அதைத் திருகோணமலையில் அல்லவா தொடங்கியிருக்க வேண்டும் என்ற சண்டை சந்திகளில் ஓயவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மொழியையும் மாவட்டத்தையும் பார்த்துப் புள்ளியை மாற்றிய தரப்படுத்தலால் இடம் கிடைக்காமல் போன அண்ணன்மார் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அப்படியான ஊரில் ‘அவசியமில்லை’ என்ற பக்கத்தை இரசாயன மாஸ்டர் என் தலையில் கட்டினார்.

ஒரு பட்டதாரியை உருவாக்கும் காசில் எத்தனை கிணறு வெட்டலாம், எத்தனை ஆரம்பப் பாடசாலைக்கு ஓடு போடலாம் என்று கணக்குக் காட்டினேன். எண்கள் எல்லாம் முதல் நாள் இரவு நானே உண்டாக்கியவை. நடுவர்களில் ஒருவராவது கேட்கவேண்டுமே! “கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை” என்று முடித்தபோது மண்டபம் அதிர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் விவாத அணியை பஸ்ஸில் வட்டுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வளாகத்தின் விஞ்ஞானபீடம் அப்போது யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவுக் கட்டடங்களில் இயங்கிக்கொண்டிருந்தது. ஆய்வுகூட யன்னலால் எட்டிப் பார்த்தோம். எங்களைவிட மூன்று நான்கு வயது கூடிய ஒரு அக்கா பியூரெட் என்ற அளவுக் குழாய்க்கு முன்னால் கண்ணிமைக்காமல் நின்றார். அவ்வளவுதான் காட்சி. மாஸ்டர் எங்களைத் தேவாலயத்துப் பக்கம் நிழலில் இருத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் இந்த இடத்தில் ஒரு செமினரி தொடங்கினார்கள். பனையும் புகையிலையும் தவிர வேறு வருமானம் அதிகம் இல்லாத குடாநாட்டில் வானியல், கணிதம், தர்க்கம், தமிழ், சமஸ்கிருதம் எல்லாம் படிப்பித்தார்கள். பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமேர்சன் டெனன்ட் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு இதை ஒப்பிடலாம் என்று எழுதினார். 1855இல் அமெரிக்காவிலிருந்து ரூபஸ் அன்டர்சன் தலைமையில் ஒரு தூதுக்குழு வந்தது. படித்தவர்கள் மதம் பரப்பப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், இந்தச் சனத்துக்கு ஊர்ப் பாடசாலையில் தாய்மொழிக் கல்வி போதும் என்பது அவர்கள் கண்ட முடிவு. செமினரியை மூடிவிட்டார்கள்.

“நீ போன வெள்ளிக்கிழமை பேசியதைத்தான் அவர்கள் நூற்றிருபது வருடத்துக்கு முன்னமே பேசினார்கள். அவர்கள் நல்ல ஆங்கிலத்தில் பேசினார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்” என்றார் மாஸ்டர்.

மூடி இரண்டு வருடத்தில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதலாவது பி.ஏ. பரீட்சையை நடத்தியது. சித்தியடைந்த இருவரும் அந்தச் செமினரியில் படித்தவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. ஏட்டுச் சுவடியில் செல்லரித்துக்கொண்டிருந்த வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பிற்காலத்தில் அச்சுக்குக் கொண்டுவந்த அதே தாமோதரம்பிள்ளைதான். ஊர்ச் சனமும் சும்மா இருக்கவில்லை. பழைய மாணவர்களும் ஊரவர்களும் விடாமல் நின்று 1872இல் அதே நிலத்தில் யாழ்ப்பாணக் கல்லூரியை எழுப்பினார்கள். பழைய மாணவர் சங்கம் என்ற ஒன்றால் என்ன பயன் என்று வீட்டில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். “மீசை என்று சொன்னாயே தம்பி, அது விதைநெல்.”

அவர் அதை உவமைக்குச் சொன்னாரோ தெரியாது. எனக்கு நேரடியாகவே விளங்கியது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்த பெரியப்பா வீட்டுக்கு விடுமுறைக்குப் போனால் ‘எச்-4, எச்-4’ என்றுதான் பேச்சு. அந்தச் சிவப்பரிசி நெல் தானாக முளைத்து வரவில்லை. பத்தலகொடவில் 1952இல் அமைத்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில், முருங்கைக்காயன் என்ற நம் நாட்டு நெல்லையும் மாஸ் என்ற வெளிநாட்டு நெல்லையும் கலந்து, அந்தப் பத்தாண்டு முடியுமுன் வெளியிட்ட இனம் அது. சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடமாகாத, அரிசியை இறக்குமதி செய்து பங்கீட்டு அட்டையில் கொடுத்துக்கொண்டிருந்த நாடு அந்தச் செலவைச் செய்தது. அந்தக் காசில் எத்தனை கிணறு வெட்டியிருக்கலாம் என்று என்னைப் போல ஒருவன் அன்றும் கேட்டிருப்பான்.

கிணறு என்றதும் எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு வந்தாக வேண்டும். 1979இல் நான் விஞ்ஞானபீடத்தில் சேர்ந்தேன். இறுதி வருடத்தில் எனக்குக் கிடைத்த வேலை வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில், குடிநீரில் கூடினால் உடலுக்குக் கெடுதியான நைத்திரேற்றை அளப்பது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் வெடிப்பு வழியே நேரே நிலத்தடி நீருக்குப் போகும். ஆறில்லாத ஊருக்கு அந்த நீரை விட்டால் வேறு கதியில்லை. சைக்கிள் கரியரில் சோடாப் போத்தல்களைக் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகத் திரிந்தேன். மாதிரியோடு மருந்தைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். நிறம் கூடக்கூட நைத்திரேற்றும் கூட. வரிசையில் வைத்த குழாய்களில் ஒன்று வேப்பம்பழம் மாதிரி மஞ்சளாக நின்றது. லேபலைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் வீடு.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை. “நாலு தலைமுறை குடித்த தண்ணீர். அதில் குற்றம் கண்டுபிடிக்கவா அரசாங்கம் உனக்குச் சோறு போடுகிறது?” என்றார். கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. நாலு தலைமுறையில் மூன்று யூரியாவையே கண்டதில்லை என்று பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு கிழமை கழித்துக் காலையில் பார்த்தால், ஐயா அலுமினியக் கானை சைக்கிள் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போகிறார். யாராவது கேட்டால் “அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி நல்ல ருசி” என்பார். சாகும்வரை அதுதான் அவர் சொன்ன காரணம்.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1986இல் நான் லண்டனுக்கு வந்துவிட்டேன். இலவசக் கல்வியில் ஏறி, மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் சாப்பிட்டு, கிணற்றில் கற்ற தொழிலை இங்கே குழாய்த் தண்ணீரில் செய்து ஓய்வூதியமும் எடுக்கிறேன். ஏழை ஊர் விதைநெல்லை விதைத்தது; அறுவடை பணக்கார ஊருக்குப் போனது. உயர்கல்விக்குச் செலவு செய்யாதே என்பவர்களின் கையில் உள்ள ஆகப் பலமான ஆயுதம் நானும், இந்த மலரை வாசிக்கும் நீங்களும்தான். ஆனால் எங்களைத் துரத்தியது பட்டமல்ல. படிக்காதவர்களும் அதே விமானத்தில்தான் வந்தார்கள்.

சென்ற வருடம் எங்கள் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு மீண்டும் வந்தது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது. ஒருவர் நுழைவாயில் வளைவு கேட்டார், ஒருவர் குளிரூட்டிய மண்டபம் கேட்டார். ஊர்ப் பிள்ளைகளின் ஆராய்ச்சிக்கு உதவலாமே என்று நான் வாயைத் திறந்தேன். “சனம் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்கும்போது ஆராய்ச்சியா அண்ணை?” என்று ஒரு தம்பி எழுந்தார். குரலும் வேகமும் அப்படியே 1976. வளைவைக் கேட்டவரிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

சாப்பாடு என்று சொன்னதால் உரத்தை ஞாபகப்படுத்தினேன். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை ஒரே கையெழுத்தில் நிறுத்தினார்கள். இப்படித் திடீரென்று நிறுத்தினால் விளைச்சல் விழும் என்று விவசாய விஞ்ஞானிகள் சொன்னார்கள்; கேட்பாரில்லை. நவம்பரில் தடையை விலக்க வேண்டி வந்தது. மாரி மழையை நம்பி விதைக்கும் காலபோகம் அதற்குள் கெட்டுவிட்டது. யூரியாவைக் கூட்டிப் போட்டால் கிணறு கெடும், ஒரேயடியாக நிறுத்தினால் வயல் கெடும். எவ்வளவு, எப்போது என்று சொல்ல அந்த மண்ணை அளந்த ஆள் வேண்டும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது என்ற பிரச்சினை வந்தபோதும் எந்த அறிக்கையை நம்புவது என்று சனம் திண்டாடியதே, அதற்கும் வேண்டும். நம் சுண்ணாம்புக்கல்லை ஆராய்ந்து லண்டனில் ஒருவனுக்கு என்ன ஆகப்போகிறது?

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது ஏறத்தாழ 0.1 சதவீதம். நூறு ரூபாயில் பத்துச் சதம். கல்விக்கு 6 சதவீதம் கேட்டு 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தும் பார்த்தார்கள். பத்துச் சதத்தை மிச்சம்பிடித்து ஏழ்மையைத் தீர்க்கலாம் என்று நம்புபவரோடு எனக்குச் சண்டையில்லை, இரக்கம்தான்.

ஆராய்ச்சி என்ற பெயரில் நடப்பதெல்லாம் ஆராய்ச்சி என்றும் நான் சொல்லவில்லை. பதவி உயர்வுக்காக எழுதி எவரும் வாசிக்காத கட்டுரைகள் உண்டு. வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய கருவி ஒன்று, உதிரிப்பாகம் இல்லாமல் துணி போர்த்தியபடி நிற்பதை ஓர் ஆய்வுகூடத்தில் கண்டேன்; கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை மட்டும் பளபளத்தது. ஆகவே சங்கத்தில் நான் கேட்டது கருவி அல்ல. இரசாயனப் பொருளுக்கும், உதிரிப்பாகத்துக்கும், ஊரில் நின்று இரண்டு வருடம் வேலை செய்யும் ஒரு பிள்ளையின் மாதச் செலவுக்கும் பணம். பெயர்ப்பலகை அடிக்க இடமில்லாத செலவு என்பதால் வாக்கெடுப்பில் தோற்றேன். வளைவு கட்டியாகிவிட்டது. வடிவாகத்தான் இருக்கிறது.

ஆவணி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தம்பியின் மகள் என் பழைய பீடத்தில் இறுதி வருடம். ஒருநாள் காலையில் பிளாஸ்ரிக் போத்தல்களோடு கிணற்றடிக்கு வந்தாள். உதவுவோம் என்று ஒன்றை வாங்கி நேரே வாளித் தண்ணீரை நிரப்பினேன்.

“பெரியப்பா, அதே தண்ணீரால் மூன்று தரம் அலசினீர்களா?”

நாற்பது வருடம் செய்த தொழில். ஊற்றிவிட்டு அலசத் தொடங்கினேன். அவள் லேபலில் திகதியும் கிணற்றின் இலக்கமும் எழுதி ஒட்டினாள். குசினிக்குள் தம்பியின் மனைவி தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஐயாவின் அலுமினியக் கான், கோயில் கிணற்றுத் தண்ணீரோடு, மூடி சற்று நெளிந்தபடி இருந்தது.