ஊர் ஓடினால்

கூட்டங்களில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. எனக்கு அங்கே ஓட்டு கிடையாது, பேசவேண்டிய கட்டாயமும் கிடையாது. யார் எப்போது வாய் திறந்தார், அதற்குப் பிறகு யார் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகியதில் ஒன்று சொல்வேன்: தலைவர் முதலில் பேசிவிட்டால் மீதிக் கூட்டத்துக்கு நான் பேனாவை மூடி வைத்துவிடலாம்.

"எனக்கென்னவோ இது சரின்னுதான் படுது. நீங்கல்லாம் என்ன நினைக்கிறீங்க?" என்பார். அடுத்தவர் "சார் சொன்ன மாதிரி" என்று ஆரம்பிப்பார். அதற்கடுத்தவர், "அவங்க ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க, நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல" என்பார். நான் 'ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதுவேன். கூட்டம் கலைந்து லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது அதே ஆட்கள், "இது ஓடாது, பாருங்க" என்று காதோடு சொல்வார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை. 'ஊர் ஓடினால் ஒக்க ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு' என்பது முட்டாள் சொன்ன பழமொழி இல்லை. ஒருவனுக்குக் கண் ஏமாற்றலாம், ஊருக்கே ஏமாற்றாது என்ற கணக்கு அதில் இருக்கிறது. பிரான்சில் கொண்டோர்சே என்ற கணித அறிஞர் 1785-இல் கிட்டத்தட்ட இதையே கணிதமாக நிறுவினார். ஒவ்வொருவரும் தப்பாகச் சொல்வதைவிடச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு கொஞ்சமாவது கூடுதல் என்றால், ஆட்கள் சேரச் சேரப் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பும் ஏறிக்கொண்டே போகும். அவர் கணக்கு நிற்பது ஒரு நிபந்தனையின் மேல்: எல்லோரும் தனித்தனியாக யோசித்திருக்க வேண்டும். வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவன் ஒருவன், மற்ற ஆயிரம் பேரும் அவனைப் பார்த்து ஓடுகிறவர்கள் என்றால், அங்கே ஓடுவது ஊர் இல்லை. ஒருவன்தான். கேட்டுத்தான் ஓட வேண்டும்.

கூட்ட அறையில் எனக்குத் தெரிவதும் அதுதான். ஒன்பது தலைகள் ஆடுகின்றன. யோசித்த தலைகள் எத்தனை?

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் செய்த கோடு சோதனையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் அதே நீளமுள்ளது எது என்று கேட்பார்கள். தனியாகக் கேட்டால் நூறு பதில்களில் ஒன்றுகூடத் தப்பாக வருவதில்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் பேசுகிற அத்தனை பேரும் (எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள்) ஒரே தப்பான கோட்டைச் சொல்கிறார்கள். மொத்தம் 18 சுற்று, அதில் 12-இல் இந்த நாடகம். அந்த 12 சுற்றுகளில் வந்த பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கூட்டத்தோடு போனது. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது வளைந்தார்கள்.

'மனிதர்கள் ஆட்டு மந்தை' என்று இதைச் சுருக்கிச் சொல்லும் பேச்சாளர்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால் மூன்றில் இரண்டு பதில்கள் சரியானவை. நான்கில் ஒருவர் கடைசிவரை அசையவே இல்லை. அதைவிட ருசிகரமானது, ஆஷ் அந்தச் சோதனையை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததுதான். எதிரே ஒரே ஒரு ஆள் தப்பாகச் சொன்னால் பெரும்பாலும் யாரும் மதிப்பதில்லை. மூன்று பேர் ஆனதும் அழுத்தம் ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் ஆளைக் கூட்டிப் பெரிய பயன் இல்லை. பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னால் வளைவது வெகுவாகக் குறைந்தது. அந்த வரிசையில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டாலும் கூட்டத்தின் பிடி தளர்ந்துபோனது. அந்த ஒருவர் வேறொரு தப்பைச் சொன்னாலும்கூடப் பிடி தளர்ந்தது! உடன்படாதவர் சரியாக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. ஒருமித்த குரலில் ஒரு கீறல் விழுந்தால் போதும்.

1977-இல் டேவிட் வைல்டர் செய்த ஆய்வு இவ்வளவு பிரபலம் இல்லை. எனக்கு அதன் மேல்தான் பிரியம் அதிகம். ஒரே குழுவைச் சேர்ந்த நான்கு பேர் ஒரு கருத்தைச் சொல்வதைவிட, இரண்டிரண்டு பேராக இரு வேறு குழுக்கள் அதே கருத்தைச் சொல்லும்போது கேட்பவர் கூடுதலாக அசைந்தார். ஆட்கள் நான்குதான், எடை வேறு. ஆக, நமக்குள் எங்கோ அந்தக் கணக்குப்பிள்ளை இருக்கிறான். 'இவர்கள் தனித்தனியாகப் பார்த்தவர்களா, ஒரே மூட்டையா?' என்று கேட்கத் தெரிந்தவன்தான். கூட்ட மேசையில் மட்டும் தூங்கிவிடுகிறான்.

ஏன் என்பதற்கு லாட்டனேயும் டார்லியும் 1968-இல் வெளியிட்ட புகைச் சோதனையைத்தான் சொல்வேன். அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சுவரில் உள்ள துளை வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டிருக்கும்படி பழக்கப்பட்ட இருவர் கூட இருந்தபோது 10 சதவீதம்தான். நடிகர்களே இல்லாமல் மூன்று அப்பாவிகளை உட்காரவைத்தபோதும் 38 சதவீதக் குழுக்களில்தான் யாராவது எழுந்தார்கள். மூவருக்கும் உள்ளே சந்தேகம். மூவரும் பதறாத முகத்தோடு மற்ற இருவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். 'அவர்களே சும்மா இருக்கிறார்கள், ஆபத்தாக இருக்காது' என்று மூவரும் முடிவுகட்டுகிறார்கள். என் லிஃப்ட் வாசல் ஆசாமிகள் இந்த ரகம். தான் ஒருவன்தான் சந்தேகப்படுகிறோம் என்று ஒவ்வொருவரும் மனதார நம்பியிருப்பார்கள்.

இன்னொன்றும் நடக்கிறது, மினிட்ஸ் எழுதுபவருக்குத்தான் அது துல்லியமாகத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என் நோட்டில் நான்கு இடத்தில் வரும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒரு வரியில் வந்து, யாரும் கையில் எடுக்காமல் செத்துப்போகும். ஸ்டாசரும் டைட்டஸும் 1985-இல் இதைச் சோதித்தார்கள். சிறந்த வேட்பாளர் யார் என்று காட்டும் தகவல்களைக் குழுவுக்குள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாத் துண்டுகளையும் மேசையில் கொட்டியிருந்தால் விடை தெரிந்திருக்கும். பெரும்பாலான குழுக்கள் கொட்டவில்லை. ஏற்கெனவே பொதுவாகத் தெரிந்ததையே பேசிப் பேசி உறுதிப்படுத்திக்கொண்டு, வேறு ஆளைத் தேர்ந்தெடுத்தன.

அதனால் எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், அது சப்பென்று இருக்கும்: விவாதத்துக்கு முன் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. பெயர் வேண்டாம். 'இதை ஆதரிக்கிறீர்களா, உங்களுக்கு மட்டும் தெரிந்த தகவல் ஏதாவது உண்டா' என்று இரண்டே கேள்வி. தலைவர் கடைசியில் பேச வேண்டும். இதை நான் சொன்னால் வழக்கமாக வரும் பதில், "நம்மகிட்ட எதுக்குங்க ஒளிவுமறைவு? எதுன்னாலும் நேராவே பேசலாமே." நேராகப் பேசலாம் என்று சொல்பவர் எப்போதும் அந்த அறையில் நேராகப் பேச முடிந்த ஒரே ஆளாகத்தான் இருப்பார்.

சிலர் வேறு வழி பிடிக்கிறார்கள். "இன்னிக்கு எதிர்த்துப் பேசுறது உங்க பொறுப்பு" என்று ஒருவரை நியமித்துவிடுவது. அவரும் சிரித்துக்கொண்டே நாலு ஆட்சேபம் சொல்வார், எல்லோரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். சார்லன் நெமத்தும் சகாக்களும் 2001-இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வேடத்துக்கு எதிர்ப்பவரைவிட உண்மையிலேயே உடன்படாதவர் இருக்கும் குழுவில்தான் புதுப்புது தீர்வுகள் கூடுதலாக வந்தன. அந்த உண்மையான ஆளோடு உட்கார்ந்திருப்பது சுகமாக இருக்காது. கூட்டம் நீளும், எனக்கும் எழுதிக் கை வலிக்கும். மொஸ்கோவிச்சி 1969-இல் நீலநிற ஸ்லைடுகளைக் காட்டிச் செய்த சோதனையில், ஆறு பேரில் இருவர் எல்லா முறையும் 'பச்சை' என்று சாதித்தபோது மற்றவர்களின் பதில்களில் 8 சதவீதத்துக்குச் சற்று மேல் பச்சையானது. அந்த இருவரும் சில முறை பச்சை, சில முறை நீலம் என்று மாற்றிச் சொன்னபோது அது 1.25 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பாதியில் "சரி, பெரும்பான்மை எப்படியோ அப்படியே" என்று உட்கார்ந்துவிடுகிறவர்களை இப்போதெல்லாம் நான் மினிட்ஸில் 'ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார்' என்று எழுதுவதில்லை. என்ன ஆட்சேபம் என்பதை முழுசாக எழுதி, அதற்குப் பதில் சொல்லப்படவில்லை என்றும் எழுதிவிடுகிறேன்.