நூறில் ஏழு போனால்

அம்மா சந்தையில் பையை விட்டுவிட்டு வந்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 74 வயதில் யாருக்குத்தான் மறதி இல்லை? எருமைக்குத் தவிடு வைத்தாயிற்றா என்று ஒரே காலையில் நாலு தடவை கேட்டபோதுதான் தங்கை பயந்துவிட்டாள். கோபிப் பக்கத்திலிருந்து ஈரோட்டுக்குக் கூட்டிப்போனோம்.

முதலில் போன இடத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு மடமடவென்று கேட்டார்கள். அம்மாவுக்கு இடது காது மந்தம். கண்ணாடியை வீட்டிலேயே விட்டது என் தப்பு. 30க்கு 17. பத்தே நிமிடத்தில் சீட்டில் 'டிமென்ஷியா', அதாவது மறதி நோய், என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்துப் பார்த்த நரம்பு டாக்டர், "எத்தனாவது வரைக்கும் படிச்சீங்கம்மா?" என்றுதான் ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்பு. 1975-ல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்ற 30 மார்க் ஞாபகத் தேர்வில் 24க்குக் கீழே போனால் பொதுவாகச் சந்தேகப்படுவார்களாம். ஆனால் அதில் வாசிப்பதும் எழுதுவதும் இருப்பதால், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களுக்கு நோய் இல்லாமலே மார்க் குறையும் என்றார்.

தேதி கேட்டதற்கு அம்மா, "ஆடி பதினெட்டுக்கு இன்னும் ஆறு நாள் இருக்குதுங்க" என்றார். டாக்டர் காலண்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சரி போட்டார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மாவோ பால் சொசைட்டிக் கணக்கு மாதிரி, "தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது" என்று போய்க்கொண்டே இருந்தார். அறுபத்தைந்தில் டாக்டர்தான் நிறுத்தினார்.

அப்புறம் கடிகாரம். வட்டம் அழகாக வந்தது. பதினொன்று பத்துக்கு முள் போடச் சொன்னால், ஒரு முள் பதினொன்றில், இரண்டுக்குப் போக வேண்டிய இன்னொன்று பத்தில்.

தொடக்கத்தில் மாம்பழம், சாவி, ஆறு என்று மூன்று வார்த்தை சொல்லி, திருப்பியும் சொல்ல வைத்திருந்தார். இப்போது அதைக் கேட்டார். தங்கையின் உதடு அசைந்தது. டாக்டர் கையைக் காட்டி அடக்கினார். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார்.

கணக்கு தப்பவில்லையே என்று நான் குளிர்ந்துபோயிருந்தேன். டாக்டர் குறித்துக்கொண்டது அந்த மூன்று வார்த்தை மறந்ததைத்தான்.

இந்தத் தேர்வு வெறும் சல்லடைதான், நோய்க்குப் பேர் வைக்காது என்றார். சமையல், பணம், வழி தவறுவது என்று தங்கையிடம் அரை மணி நேரம் விசாரித்தார். ஸ்கேன், தைராய்டு, வைட்டமின் பி12 எல்லாம் எடுக்கச் சொன்னார். பி12 குறைவு, ஊசி போய்க்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்வு. தங்கை இப்போதே கடிகாரம் வரையப் பழக்க ஆரம்பித்தாள், சத்தம் போட்டு நிறுத்தினேன். கண்ணாடியை மட்டும் ஆஸ்பத்திரிப் பையில் போட்டு வைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். அம்மா நேற்று அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, பால் நோட்டில் கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.