சுடோகு போட்டால் மறதி வராதா?

பெங்களூரின் மல்லேஸ்வரம், அல்சூர், ஜெயநகர் பூங்காக்களில் காலை நடை முடித்து பெஞ்சில் உட்காரும் நம்மூர்ப் பெரியவர்களில் பலருக்கு மூளைப் பயிற்சி என்றால் சுடோகுதான். போடட்டும், தப்பே இல்லை. ஆனால் சுடோகு போட்டுப் போட்டு ஒருவர் தேறுவது சுடோகுவில் மட்டும்தான். கை பழகிவிட்டால் அதுவும் பல் துலக்குவது மாதிரி ஆகிவிடும். ரசித்துச் செய்யலாம், மூளைக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

இந்த விஷயத்தில் நான் அதிகம் மதிப்பது அமெரிக்காவில் நடந்த 'ஆக்டிவ்' ஆய்வு. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நினைவுப் பயிற்சி, ஒன்றுக்குத் தர்க்கம், ஒன்றுக்குப் பார்வையில் பட்டதைச் சட்டென்று பிடிக்கும் வேகம், நான்காவதற்கு ஒன்றும் இல்லை. ஐந்தாறு வாரங்களில் 10 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. எதில் பயின்றார்களோ அதில் தேறினார்கள். 10 வருடம் கழித்துப் பார்த்தபோது தர்க்கமும் வேகமும் ஓரளவு தங்கியிருந்தன, நினைவுப் பயிற்சியின் பலன் கரைந்திருந்தது. அதனால்தான் 'தினம் 15 நிமிடம் விளையாடுங்கள், மறதி ஓடிவிடும்' என்கிற ஆப் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. 2016இல் லூமோசிட்டி நிறுவனம் அப்படி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

எதில் தேற வேண்டுமோ அதையே, கொஞ்சம் கஷ்டமான அளவில் செய்ய வேண்டும். பெங்களூரில் இருக்கும் தமிழருக்கு இதற்கு ஒரு தயார் வழி இருக்கிறது: கன்னடம் படிக்கக் கற்பது. பேசத் தெரிந்தவர்கள் ஏராளம். முப்பது வருடமாக இங்கே இருந்தும் பி.எம்.டி.சி. பஸ் பலகையை எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் ஏராளம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழு 648 டிமென்ஷியா (மறதி நோய்) நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இது தெரிந்தது. மொழிதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பல மொழி புழங்கியவர்கள் வேறு. ஆனாலும் புதிதாக, கடினமாக ஒன்றைக் கற்பது வீண்போகாது என்பதற்கு வேறு ஆதாரமும் உண்டு. 2014இல் வெளிவந்த டெனிஸ் பார்க் குழுவின் ஆய்வில், சுமார் மூன்று மாதம், வாரத்துக்கு 15 மணி நேரம் போல டிஜிட்டல் கேமராவும் துணித் தையல் வேலையும் கற்ற முதியவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. சும்மா கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை.

ஒரு நாளைக்கு நாலு எழுத்து போதும். பார்த்து எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். நோட்டை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிவிட்டு, அப்புறம் சரிபாருங்கள். கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டத் திருத்தம் வந்த பிறகு தெருவே பாடப்புத்தகம்தான்: மேலே உள்ள கன்னடத்தை முதலில் வாசித்து, பிறகு கீழே உள்ள ஆங்கிலத்தில் விடையைப் பாருங்கள். நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இரண்டு. நமக்கு ஒரே 'க' என்றால் அங்கே நாலு. அப்புறம் ஒத்தக்ஷரம்: நாம் புள்ளி வைத்த மெய்யையும் அடுத்த எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம், அவர்கள் இரண்டாவதை முதல் எழுத்தின் காலடியில் தொங்கவிடுவார்கள், அதன் உருவமும் சில சமயம் மாறிவிடும். ஒத்தக்ஷரத்துக்கு மட்டும் தனியாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள். நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும் ஆப்கள் இங்கே ஏமாற்றும். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, தானாக நினைவுக்கு வருவது வேறு. பயிற்சி வேண்டியது இரண்டாவதற்கு.

பெயர் மறக்கிறது என்பவர்களுக்கும் இதே சூத்திரம்தான். புது ஆளின் பெயரைக் கேட்டதும் ஒரு முறை சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து, பிறகு 2, 4, 8, 16 நிமிடம் கழித்து, பார்க்காமல் மனதுக்குள் வரவழையுங்கள். வராவிட்டால் மண்டையைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம். விடையைப் பார்த்துவிட்டு, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். வீட்டில் உள்ளவர்கள் செய்யும் தவறு, முதல் எழுத்தைச் சொல்லி உதவுவது. "ர... ரா..." என்று இழுத்தால் வேலையை அவர்களே செய்துவிடுகிறார்கள்.

கவனத்துக்கு, ஒரே நேரத்தில் பல விஷயங்களை நினைவில் வைக்கும் நம் அவதானக் கலையையே சின்னதாக்கிக்கொள்ளலாம். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் மாதிரி நூறு வேண்டாம், இரண்டு போதும். ஒருவர் அடுக்களையில் டம்ளரைக் கரண்டியால் அவ்வப்போது, ஒழுங்கில்லாமல் தட்ட வேண்டும். நீங்கள் தட்டுகளை எண்ணிக்கொண்டே ஏழெட்டு மளிகைச் சாமான்களைக் கேட்டு, கடைசியில் எண்ணிக்கையையும் சாமான்களைத் தலைகீழ் வரிசையிலும் சொல்ல வேண்டும். ஐந்தில் நாலு முறை சரியானால் ஒரு சாமான் கூட்டுங்கள். மூன்றுக்குக் கீழே போனால் ஒன்று குறையுங்கள். எல்லாம் சரியாக வந்தால் பயிற்சி லேசாக இருக்கிறது என்று அர்த்தம். நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைப்பதும் நல்ல பயிற்சிதான், ஆனால் பூங்காவின் சமதளப் பாதையில் மட்டும். நம் நடைபாதைக் கல் இடுக்குகளில் 86, 79 என்று போனால் நேரே எலும்பு டாக்டரிடம்தான்.

நடையே தனி மருந்து. 2011இல் வந்த கிர்க் எரிக்சன் குழுவின் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வரை வேகமாக நடந்த 55 முதல் 80 வயதுக்காரர்களுக்கு ஒரு வருடத்தில் ஹிப்போகேம்பஸ் (மூளையில் நினைவுக்கு முக்கியமான பகுதி) சுமார் 2 சதவீதம் பெருத்தது. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி தொடங்குமுன் காது, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். சரியாகக் காதில் விழாததை மறதி என்று எண்ணுபவர்கள் நிறைய. சைவம் சாப்பிடுபவர்களுக்கும் நீண்டநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம், அதுவே மறதியாகத் தெரியும். சாவியை எங்கே வைத்தோம் என்பது பெரிய விஷயமில்லை. அதே கேள்வியை அரை மணிக்குள் மறுபடி கேட்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, கரண்ட் பில் கட்டத் திணறுவது என்று தொடங்கினால் சுடோகு புத்தகம் வாங்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையும், சளிக்கென்று கடையில் வாங்கிப் போடும் குளோர்ஃபெனிரமின் வகை மாத்திரையும் வயதானவர்களின் நினைவை மந்தமாக்கும்.