பத்துக் கேள்வியை விட்டுவிட்டு வா

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். இந்த வருடம் கேட் எழுதப் போகிறாளாம். (இன்ஜினியரிங் முடித்தவர்கள் எம்.டெக்.குக்கு எழுதும் கேட் இல்லை, ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. சேர எழுதுவது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் எங்கள் வீட்டில் இன்னும் குழப்பம் தீரவில்லை.) "அக்கா, எந்த புக் வாங்கட்டும், எந்த கோச்சிங்ல சேரட்டும்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான், முக்கியமானதைச் சொல்லவே இல்லையே என்று தோன்றியது. அதனால் இங்கே எழுதுகிறேன், அவளுக்கும், அவளைப் போல நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு இந்தப் பரீட்சைக்கு உட்காரப் போகிற எல்லோருக்கும்.

நான் இரண்டு முறை எழுதினேன். 2022-இல் 83 பெர்சென்டைல் (எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குக் கீழே இருக்கிறார்கள் என்கிற கணக்கு), 2023-இல் 97. நடுவில் இருந்த அந்த ஒரு வருடத்தில் எனக்குப் புதிதாகப் பெரிய கணக்கு ஒன்றும் வந்துவிடவில்லை, அதே ஃபார்முலாக்கள்தான், அதே நோட்டுதான். கேள்வியை விடுவதற்குப் பழகினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது கேட்க எளிதாக இருக்கும். ஆனால் திண்டுக்கல் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவர்களுக்குத்தான் தெரியும். நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? ஒரு கேள்வியைக்கூட விடாதே. தெரியாவிட்டாலும் கேள்வி எண்ணைப் போட்டு ஏதாவது எழுதி வை, திருத்துகிறவர் பார்த்து ஒரு மார்க்காவது போடுவார். அடிஷனல் ஷீட் வாங்கு, நேரம் முடிவதற்கு முன்னால் எழுந்திருக்காதே. பொதுத்தேர்வுக்கு அது சரியான அறிவுரைதான், அதனால்தான் நானும் நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தப் புத்தியோடு கேட் எழுதப் போனால் அடி விழும்.

நான் எழுதிய இரண்டு வருடமும் மொத்தம் 66 கேள்வி, 198 மதிப்பெண், இரண்டு மணி நேரம். முதலில் இங்கிலீஷ், அதில் 24. அடுத்து டேட்டாவும் லாஜிக்கும் சேர்ந்த டி.ஐ.எல்.ஆர்., அதில் 20. கடைசியாகக் கணக்கு, 22. ஒவ்வொன்றுக்கும் சரியாக 40 நிமிடம், முடிந்ததும் திரை தானாக அடுத்த பகுதிக்குப் போய்விடும், திரும்பி வர முடியாது, சீக்கிரம் முடித்தாலும் முன்னால் போக முடியாது. (2020-க்கு முன்பு ஒரு பகுதிக்கு ஒரு மணி நேரம் இருந்தது, கொரோனா வருடத்தில் குறைத்தார்கள், அப்படியே நின்றுவிட்டது.) சரியான விடைக்கு 3, தப்பான விடைக்கு 1 போய்விடும். விடையை நாமே டைப் செய்கிற கேள்விகளுக்கு மட்டும் மைனஸ் கிடையாது.

கணக்குப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 22 கேள்விக்கு 40 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட வராது. அதில் பத்தை விட்டுவிடலாம் என்று உள்ளே நுழையும்போதே முடிவு செய்தால், மிச்சம் இருக்கிற 12-க்குத் தலா மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. மூன்று நிமிடத்தில் நம்மால் போட முடிந்த கணக்குகள் எத்தனையோ இருக்கின்றன, ஒன்றரை நிமிடத்தில் போட முடிந்தவை கொஞ்சம்தான். பன்னிரண்டும் சரியானால் 36 மதிப்பெண், 66-க்கு 36 என்றால் நம் ஊர்க் கணக்கில் சுமார் என்று தோன்றும், கேட்டில் அது மிக நல்ல மதிப்பெண். இந்த இரண்டு வருடங்களிலும் 198 மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காமலேயே பலர் 99 பெர்சென்டைல் வாங்கியிருக்கிறார்கள். இதை யாராவது எனக்கு முதல் வருடமே சொல்லியிருந்தால்!

அந்த முதல் வருடம் நான் செய்தது இதுதான். கணக்கில் 19 கேள்வியைத் தொட்டேன். வெளியே வரும்போது சந்தோஷமாக இருந்தேன், அப்பாவிடம் "நல்லா எழுதியிருக்கேன்ப்பா" என்று சொன்னேன். சில நாள் கழித்து நம் விடைகளையும் சரியான விடைகளையும் இணையத்தில் போடுவார்கள், அதை வைத்து உட்கார்ந்து பார்த்தால் 8 சரி, 11 தப்பு. தப்பில் 9 மைனஸ் உள்ளவை. 24-இல் 9 போனால் 15. அடுத்த வருடம் 12-ஐத்தான் தொட்டேன், 10 சரி, ஒரு மைனஸ், 29. ஏழு கேள்வி குறைவாகத் தொட்டதில் மதிப்பெண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

முதல் வருடம் விடைகளைப் பார்த்த அன்று ராத்திரி அந்த 11 தப்பையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தேன். நாலு கேள்வி எனக்குத் தெரிந்த பாடம்தான், அவசரத்தில் தப்பு. மீதி ஏழு, முதல் முறை படித்தபோதே எனக்கு ஓடாத கேள்விகள். ஓடவில்லை என்று தெரிந்தும் விடாமல் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிடம், நான்கு நிமிடம் செலவழித்து, இவ்வளவு நேரம் போட்டாயிற்றே என்று கடைசியில் ஏதோ ஒரு விடையைத் தட்டியிருக்கிறேன். அந்த நேரம்தான் அந்த நாலு தெரிந்த கேள்விகளிலும் என்னை அவசரப்படுத்தியது. இது புரிந்தபோது அழுகை வந்தது, உண்மையாகவே.

அதன் பிறகு ஒவ்வொரு மாக் டெஸ்டுக்கும் (மாதிரித் தேர்வு) அந்த நோட்டில் மூன்று பத்தி போட்டேன்: தெரிந்தும் தப்பானது, படிக்க வேண்டியது, விட்டிருக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாக், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டு. டெஸ்ட் இரண்டு மணி நேரம் என்றால் நோட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். நான் சிறுசேரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், வார நாளில் கம்பெனி பஸ்ஸில் போகும் நேரத்தைத் தவிர வேறு நேரம் கிடையாது, அதனால் மாக் அதிகம் எழுதவில்லை, இருபத்திரண்டுதான். நான் போன வார இறுதி வகுப்பில் அறுபது, எழுபது எழுதியவர்கள் இருந்தார்கள், அவர்களில் சிலர் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த வகுப்பிலும் "அட்டெம்ப்ட் ஏத்துங்க, அட்டெம்ப்ட் ஏத்துங்க" என்றுதான் வாரா வாரம் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு ஒரு வருடம் போயிற்று.

குருட்டாம்போக்கில் விடை தட்டலாமா என்று சித்தி மகள் கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தால், நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நாலு முறையில் ஒன்று சரியாகி 3 வரும், மூன்று தப்பாகி 3 போகும். ஒரு விடையைத் தப்பு என்று உறுதியாகத் தள்ள முடிந்தால் மட்டும் மூன்றுக்கு ஒன்று சரி, 3 வரவு, 2 செலவு, கொஞ்சம் லாபம். ஆனால் இது ஒரு நொடி கூடச் செலவழிக்காமல் தட்டினால்தான். டைப் செய்கிற கேள்வியை மட்டும் கடைசி நிமிடத்தில் காலியாக விடாதீர்கள், அங்கே இழக்க எதுவும் இல்லை.

டி.ஐ.எல்.ஆரில் விடுவது இன்னும் பெரிய விஷயம், ஏனென்றால் அங்கே ஒரு கேள்வியை அல்ல, ஒரு செட்டையே, அதாவது ஒரே தகவலை வைத்துக் கேட்கிற கேள்விகள் மொத்தத்தையும், விட வேண்டும். நான் எழுதிய காலத்தில் நான்கு செட் இருக்கும். தப்பான செட்டில் உள்ளே போய் 15 நிமிடம் கழித்து மாட்டிக்கொண்டால் அந்தப் பகுதியே போயிற்று. நான் செய்தது: முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடவே மாட்டேன், நான்கையும் படிப்பேன். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், இன்னாருக்கு எதிரில் இன்னார் என்று நேராக இடத்தைச் சொல்கிற குறிப்பு மூன்று நான்கு இருந்தால் அது நமக்கு. குறிப்பு எல்லாமே "குறைந்தது", "அதிகபட்சம்", "இருவரில் ஒருவர் மட்டும்" என்று போனால் அதைக் கடைசிக்குத் தள்ளு. இரண்டு செட்டை முழுதாக முடித்தால் போதும் என்று உட்கார்ந்தேன், இரண்டும் முடிந்து மூன்றாவதில் இரண்டு கேள்வி கிடைத்தது. அந்த ஐந்து நிமிடம் சுற்றி எல்லோரும் எழுதுகிற சத்தம் கேட்கும்போது கை துடிக்கும். அதைத் தாங்கத்தான் மாக் டெஸ்ட்.

இங்கிலீஷ் பகுதி எனக்கு வேறு பிரச்சினை. 24-இல் 16 கேள்வி நான்கு பெரிய பத்திகளிலிருந்து வரும், தத்துவம், மானுடவியல், பொருளாதாரம் என்று நாம் தினமும் படிக்காத விஷயங்கள். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். வார்த்தை தெரியாததுதான் பிரச்சினை என்று நினைத்து மாதக்கணக்கில் வார்த்தைப் பட்டியல் மனப்பாடம் செய்தேன், பெரிதாக உதவவில்லை. உதவியது என்னவென்றால், தினமும் பஸ்ஸில் ஒரு இங்கிலீஷ் கட்டுரை படித்து, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் "இப்போ இந்த ஆள் என்ன சொல்ல வர்றார்?" என்று தமிழில் ஒரே வரியில் எனக்கே சொல்லிக்கொள்வது. தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படிப்பேன். நான்கு மாதத்தில் வேகம் தானாக வந்தது. இங்கிலீஷிலேயே யோசி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், நம் மூளைக்கு எது ஓடுகிறதோ அதில் யோசிப்பதில் வெட்கமே இல்லை.

இதற்கு நடுவில் ஒரு காகித வேலை, இதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் மாநிலத்து பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஐ.ஐ.எம்.மில் 27 சதவீத ஓ.பி.சி. இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும், கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவு) இல்லை என்று மத்திய அரசு படிவத்தில் தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா ஆபீஸ் போய் வர நாள் ஆகும். கேட் பதிவு வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். என்னோடு படித்த ஒருத்தி கடைசி வாரத்தில்தான் இதைத் தெரிந்துகொண்டு பொதுப் பிரிவில் விண்ணப்பித்தாள், அவள் வாங்கிய பெர்சென்டைலுக்கு ஓ.பி.சி.யில் நிச்சயம் இரண்டு மூன்று நேர்முக அழைப்பு வந்திருக்கும். எனக்கு இன்றும் அது மனசில் உறுத்துகிறது.

அப்புறம், பெர்சென்டைலோடு எல்லாம் முடிவதில்லை. 2023-இல் எழுதியவர்கள் ஏறத்தாழ 2.88 லட்சம் பேர், 99 பெர்சென்டைல் என்றாலே உங்களோடு கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் நிற்கிறார்கள். பெங்களூரு மாதிரி இடங்களில் நேர்முகத்துக்கு அழைக்கும்போதே பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதை இனி மாற்ற முடியாது, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். எனக்குப் புதிய ஐ.ஐ.எம்.களிலிருந்து அழைப்பு வந்தது, 2024-இல் ஒன்றில் சேர்ந்தேன், அந்த இரண்டு வருடம் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜனவரியில் வரும் எக்ஸ்.ஏ.டி.யும் (எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மாதிரி கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர எழுதும் பரீட்சை) எழுதப் போகிறீர்கள் என்றால், அங்கே இந்தப் பாடத்தை அப்படியே கொண்டு போகாதீர்கள். எட்டுக் கேள்விக்கு மேல் விட்டால், அதற்கு மேல் விடுகிற ஒவ்வொன்றுக்கும் 0.10 கழிக்கிற விதி நான் எழுதியபோது இருந்தது, தப்பு விடைக்கு 0.25. அந்த வருடத்து விதியைப் படித்துவிட்டு எத்தனை விடலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

சித்தி மகள் நேற்று முதல் மாக் எழுதியிருக்கிறாள். கணக்கில் 20 தொட்டிருக்கிறாள், 7 சரி. ரொம்பச் சோர்ந்த குரலில் பேசினாள். ஒரு நோட்டு வாங்கி மூன்று பத்தி போடச் சொல்லியிருக்கிறேன், மூன்றாவது பத்தியில் எத்தனை வந்தது என்று இன்றைக்கு ராத்திரி போட்டோ அனுப்புகிறேன் என்றிருக்கிறாள்.