துரு அளக்கப் போன கதை

போன வருஷம் அக்னி நட்சத்திரத்தில்தான் இந்த வேலையில் இறங்கினேன். 46 வயது, சாயங்காலமானால் உடம்பு துவண்டுவிடும். வேளச்சேரியில் ஓரிடத்தில் ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ டெஸ்ட் எடுக்கிறார்கள், உடம்புக்குள் எவ்வளவு துரு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் என்றார் ஆபீஸ் நண்பர்.

துரு என்பது பாதிதான் சரி. மூச்சுவிடும் உடம்பில் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது பக்கத்தில் இருப்பதைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகள், உண்டாவது இயல்பு. கிருமியைக் கொல்ல வெள்ளணுக்களுக்கே அவை தேவை. அடக்கி வைக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டுகளை மிஞ்சினால்தான் வம்பு. இந்த ராடிக்கல்கள் கண நேரத்தில் மறைந்துவிடுவதால், விட்டுப்போன தடத்தைத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். எனக்கு எடுத்தது டி-ராம்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை. கூடவே சிறுநீரில் 8-ஓஎச்டிஜி. டிஎன்ஏ அடிபட்டதற்கான தடயம் அது.

முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. காலையில் முதல் சிறுநீரைப் பிடித்து வைத்தேன். ஆறரைக்கு ஒரு பையன் வந்தான். “அண்ணா, கையை இறுக்கி மூடுங்க” என்று ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டான், கெட்டிக்காரன். ஆனால் அவன் கொண்டுவந்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. இன்னும் மூன்று வீடு பாக்கி என்றான். அந்த வெயிலில் என் ரத்தம் எத்தனை மணிக்கு லேப் போய்ச் சேர்ந்ததோ!

ரிப்போர்ட்டில் 8-ஓஎச்டிஜி பரவாயில்லை. டி-ராம்ஸ் 372, சிவப்பு எழுத்தில். 250 முதல் 300 வரை இயல்பாம். அங்கிருந்த பெண் அன்பாகப் பேசி மூன்று மாத மாத்திரையைத் தலையில் கட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.

வழக்கமாகப் பார்க்கும் மேற்கு மாம்பலம் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் ஏதாவது வந்துதா?” என்றார். பத்து நாள் முன்னால் வந்திருந்தது. உடம்பில் அழற்சி இருந்தாலே இந்த எண் ஏறும் என்றார். அப்புறம் மாத்திரை டப்பாவைத் திருப்பிப் படித்தார். பீட்டா கரோட்டின், ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்.

“சிகரெட் விட்டாச்சா?”

“நாலுதான் சார், ஒரு நாளைக்கு.”

டப்பாவை மேஜையில் வைத்துவிட்டார். புகைபிடிக்கும் ஆண்களுக்கு பின்லாந்தில் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் நுரையீரல் புற்றுநோய் அதிகம் வந்ததாம்; 1994-லேயே வெளியான முடிவு. “இந்த நம்பரை வெச்சுக்கிட்டு நான் என்ன மருந்து எழுதறது? எச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சர்க்கரை டெஸ்ட், பார்த்துட்டு வாங்க.”

பார்த்தால் 6.2. சர்க்கரை வாசலில் நிற்கிறது. சாயங்காலச் சோர்வுக்கு அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் அப்பாவுக்கே உண்டு.

சிகரெட்டை நிறுத்தினேன். ராத்திரிச் சோறு பாதியானது. நான்கு மாதம் கழித்து, வீம்புக்கு, டி-ராம்ஸ் இன்னொரு தடவை எடுத்தேன். இந்த முறை நேரே லேபுக்கே போய் ரத்தம் கொடுத்தேன். குழாய் உள்ளே போகும்வரை நின்று பார்த்தேன். 318. இறக்கியது சிகரெட்டா, காய்ச்சல் இல்லாததா, ஐஸ் உருகாததா? மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றியவனுக்கு எப்படித் தெரியும்!

டாக்டர் எச்பிஏ1சி தாளைத்தான் கேட்டார். 5.9. அடுத்து எப்போது வரவேண்டும் என்று எழுதினார். 318-ஐ நானாகத்தான் எடுத்துக் காட்டினேன்.